அறிந்து வைப்போம்: புயலின் பெயரும் புதைத்த இடமும்

கனடாவுக்கு வந்த புதிதில் எம்மவர்களுக்கு வியப்பைத் தருகின்ற விடயங்களில் ஒன்று, தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்கள் புயல்களைப் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பெயர் சொல்லி அழைப்பது. ஊரில் நாம் அப்படி அழைத்ததில்லை. வருடத்தைச் சேர்த்து "அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்", "எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி" என்றுதான் சொல்லி வந்தோம். பெயர் வைக்கின்ற அளவுக்குப் புயல் எமக்கு உறவுமல்ல, நட்புமல்ல.

வியப்பைத் தருகின்ற இன்னொரு விடயமும் உண்டு. இந்நாட்டவர்கள் ஓய்வு பெற்ற பின்னர் நூலகங்களிலும் மயான அலுவலகங்களிலும் உட்கார்ந்து, தமது பாட்டன், முப்பாட்டனின் அடக்கப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். "செத்தவரைத் தேடி இவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?" என்று எம்மில் பலர் கேட்பதுண்டு.

இந்த இரண்டு விடயங்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது அகதிகளாய் வந்த எமக்கு மற்றவர்களை விட அதிகம் பயன்படக் கூடியது. அதைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

பெயர் வந்த கதை

கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோத் தீவு ஸ்பானியர்கள் ஆண்ட கத்தோலிக்க நாடு. அங்கே புயல் எந்தப் புனிதரின் திருநாளில் வந்ததோ, அந்தப் புனிதரின் பெயரையே புயலுக்கும் சொல்லி வந்தார்கள். 1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி புனித சிரியாக்கோவின் திருநாளில் வந்த புயலுக்கு "சான் சிரியாக்கோ" என்று பெயர். 1876ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் திகதி வந்ததற்கு "சான் பெலிப்பே". 1928இல் அதே செப்டம்பர் 13ஆம் திகதி இன்னொரு புயல் வந்தபோது அதற்கு "இரண்டாவது சான் பெலிப்பே" என்று பெயரிட்டார்கள்.

இது எமக்குப் புதிய வழக்கமல்ல. எமது பெரியவர்களைக் கேட்டால் இறந்தவரின் திகதியைச் சொல்ல மாட்டார்கள். திதியைத்தான் சொல்வார்கள். "கார்த்திகை மாதம், தேய்பிறை, இன்ன திதி" என்பார்கள். திருநாளைச் சொன்னால் திகதி தானாக வரும் என்பது அவர்களது கணக்கு. திதியைச் சொன்னாலும் அப்படித்தான்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வானிலை அதிகாரியாக இருந்த கிளெமென்ட் ராக் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புயல்களுக்கு ஆட்பெயர்களை வைக்கத் தொடங்கினார். முதலில் கிரேக்க எழுத்துக்களையும் புராணப் பெயர்களையும் வைத்தார். பின்னர் தமக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களையும் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் பணியாற்றிய அமெரிக்கப் படையின் வானிலையாளர்கள் பெண்களின் பெயர்களை வைத்தார்கள். 1950 முதல் 1952 வரை அத்திலாந்திக் புயல்களுக்குப் படையினரின் வானொலி எழுத்துப் பெயர்களான ஏபிள், பேக்கர், சார்லி என்பன வழங்கின. 1953இல் பெண்களின் பெயர்கள் வந்தன. அழிவுக்கெல்லாம் பெண்ணின் பெயரா என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததன் பின்னர், 1979 முதல் அத்திலாந்திக்கில் ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வருகின்றன.

இன்றைய முறை இதுதான். உலக வானிலை அமைப்பின் கீழ் அத்திலாந்திக்குக்கு ஆறு பட்டியல்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வருவதால் இவ்வாண்டின் பெயர்கள் ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி வரும். ஒரு பட்டியலில் 21 பெயர்கள் இருக்கும். ஆங்கில எழுத்துக்களில் கியூ, யூ, எக்ஸ், வை, இசட் ஆகிய ஐந்தையும் விட்டு விடுகிறார்கள். காற்று மணிக்கு 63 கிலோமீற்றர் வேகத்தை எட்டினால் பட்டியலில் அடுத்து நிற்கும் பெயர் அந்தப் புயலுக்குக் கிடைக்கும். பெருத்த உயிர்ச்சேதம் விளைவித்த புயலின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டு வேறொன்றைப் போடுவார்கள். கத்ரீனா 2005ஆம் ஆண்டுடன் அப்படி எடுக்கப்பட்ட பெயர்.

எமது வங்காள விரிகுடாவுக்கும் அரபிக் கடலுக்கும் 2004இல்தான் பெயரிடும் முறை வந்தது. தொடக்கத்தில் இலங்கை, இந்தியா உட்பட எட்டு நாடுகள் பெயர்களைக் கொடுத்தன. இப்போது பதின்மூன்று நாடுகள். 2020இல் வெளிவந்த பட்டியலில் நாட்டுக்குப் பதின்மூன்றாக 169 பெயர்கள் உள்ளன. இங்கே ஒரு பெயர் ஒரே தடவைதான் பயன்படும். பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்களுக்குள் இருக்க வேண்டும், எல்லோரும் உச்சரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், எவர் மனதையும் புண்படுத்தக் கூடாது என்று விதிகள் உண்டு. இந்தியா கொடுத்த பெயர்களில் "முரசு" என்ற எமது தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. 2013இல் இலங்கை முன்பு கொடுத்திருந்த "மகாசேன்" என்ற பெயர் ஒரு புயலுக்கு வந்தபோது, குளங்கள் கட்டிய மன்னனின் பெயரை அழிவுக்குச் சூட்டுவதா என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. பெயரை மாற்றி "வியாரு" என்று வைத்தார்கள்.

புயலின் பெயருக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆனால் அந்தப் புயலில் இறந்தவர்களின் பெயர்களுக்கு எல்லா இடத்திலும் இப்படி அக்கறை இருந்ததில்லை.

ஒரே புயல், இரு விதமான புதைகுழிகள்

மேலே சொன்ன 1928ஆம் ஆண்டுப் புயலையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 12ஆம் திகதி குவாதலூப் தீவைத் தாக்கியது. 13ஆம் திகதி புவேர்ட்டோ ரிக்கோவில் 300க்கு மேற்பட்டோரைக் கொன்றது. 16ஆம் திகதி மாலை அமெரிக்காவின் புளோரிடாவில் கரையேறியது. அங்கே ஒக்கிச்சோபி என்றொரு பெரிய ஏரி உண்டு. அதன் தென்கரையில் மண்ணால் கட்டியிருந்த அணை உடைந்து, இரவோடிரவாகத் தோட்டக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. ஆகவே இதே புயலுக்கு அமெரிக்காவில் "ஒக்கிச்சோபிப் புயல்" என்று பெயர்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் மரக்கறித் தோட்டங்களில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள். பலர் பஹாமாஸ் தீவுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நிலையான முகவரி இல்லை. அவர்கள் முழுப்பெயரை அறிந்த அயலவர்களும் அதே வெள்ளத்தில் போய்விட்டார்கள்.

மேற்குப் பாம் பீச் நகரத்துக்குக் கொண்டு வந்த உடல்களில் வெள்ளையர் 69 பேரைப் பெட்டிகளில் வைத்து வூட்லோன் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கறுப்பினத்தவர் 674 பேரை ஏழைகளுக்கான நிலமொன்றில் பெரும் குழி வெட்டி ஒன்றாகப் புதைத்தார்கள். போர்ட் மயாக்கா என்ற இடத்தில் ஏறத்தாழ 1,600 பேர் ஒரே இடத்தில் புதைக்கப்பட்டார்கள். மரப்பலகையும் நேரமும் போதாத போது எஞ்சிய உடல்களை எரித்தார்கள். 674 பேர் கிடந்த நிலத்தில் பல பத்தாண்டுகளாக ஓர் அடையாளக் கல்கூட இருக்கவில்லை. அந்த நிலத்தை நகரசபை மறுபடி தன் பொறுப்பில் எடுத்தது 2000ஆம் ஆண்டில்தான். இறந்தோர் தொகை 1,836 என்று முன்னர் சொல்லப்பட்டது. 2003இல், 75 ஆண்டுகள் கழித்து, "குறைந்தது 2,500" என்று திருத்தினார்கள்.

பஹாமாஸில் காத்திருந்த தாய்க்கு இதில் என்ன கிடைத்தது? மகன் புளோரிடாவுக்குப் போனான், கடிதம் வரவில்லை. அவ்வளவுதான். இந்தக் கதையை எம்மவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அண்மைக் காலத்திலும் இது நடந்திருக்கிறது. 2005இல் கத்ரீனாவின் பெயரை உலகமே அறிந்தது. ஆனால் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எவரும் உரிமை கோராத உடல்களையும், யாரென்று அடையாளம் காண முடியாத உடல்களையும் ஒரு பழைய மயானத்தில் வைத்து, 2008இல் நினைவிடம் கட்ட வேண்டியிருந்தது.

பெயர் எப்படிச் சாவியாகிறது

இனித் தேடுகின்றவர்களின் முறைக்கு வருவோம். மயானப் பதிவேடுகளும் தேவாலய மரணப் பதிவேடுகளும் பெரும்பாலும் பெயர் வரிசையில் இருப்பதில்லை. நாள் வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும். நாள் தெரியாதவர் ஆயிரம் பக்கம் புரட்ட வேண்டும். நாள் தெரிந்தவருக்குப் பத்துப் பக்கம் போதும்.

வீட்டில் "பாட்டனார் சான் பெலிப்பேயில் போனவர்" என்று ஒரு வாய்ச்சொல் மட்டும் இருந்தால், புவேர்ட்டோ ரிக்கோக்காரர் உடனே 1928 செப்டம்பர் 13க்குப் போவார். அதற்கு அடுத்த நாட்களையும் பார்ப்பார், ஏனென்றால் உடல் கிடைத்த நாளில்தான் பதிவு எழுதப்பட்டிருக்கும். அங்கே 1885 முதல் அரச பதிவு முறை இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் அந்தப் பழைய பக்கங்களைப் "பமிலிசேர்ச்" என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பாட்டனார் புளோரிடாவில் இறந்திருந்தால் 13ஆம் திகதியில் தேடிப் பயனில்லை, 16க்குப் பின்னர் தேட வேண்டும். புயல் ஒன்றுதான், நாள் இடத்துக்கு இடம் வேறு.

நாம் குடியேறியிருக்கும் ரொறன்ரோவிலும் இப்படி ஒரு புயல் உண்டு. 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு "ஹேசல்" புயல் வந்தபோது ஹம்பர் ஆறு பெருகி, ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். றேமோர் டிரைவ் என்ற ஒரே வீதியில் மட்டும் 35 பேர். ஆற்றோரத்தில் மறுபடி வீடு கட்ட விடாமல் அந்நிலங்களைப் பூங்காக்களாக்கினார்கள். கோடையில் நாம் பிள்ளைகளுடன் போய் இறைச்சி வாட்டுகின்ற ஆற்றோரப் பூங்காக்கள் சிலவற்றின் வரலாறு இதுதான். இங்குள்ள முதியவர்களிடம் "ஹேசல்" என்று சொல்லிப் பாருங்கள், திகதியை அவர்களே சொல்வார்கள்.

எமது பக்கத்துக் கணக்கு

எமது புயல்களுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் நாட்கள் உண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டு, பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியை அலை இழுத்துச் சென்றது 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு. குரோதி வருடம், மார்கழி மாதம். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23ஆம் திகதி. காளயுக்தி வருடம், கார்த்திகை மாதம். அதில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட புயலுக்கு "டித்வா" என்று பெயர். அது யேமன் நாடு கொடுத்த பெயர். அதிலும் மண்சரிவில் காணாமற் போனவர்கள் பலர்.

உறவினர் ஒருவரின் பதிவைத் தேட விரும்புகின்றவர்கள் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்வது நல்லது.

முதலாவது, வீட்டிலுள்ள முதியவர் சொல்வதை அவர் சொல்கின்றபடியே எழுதுங்கள். "சூறாவளிக்கு அடுத்த தைப்பொங்கலுக்கு முதல்", "தேர்த் திருவிழா முடிந்து மூன்றாம் நாள்" என்பன வீண் பேச்சல்ல. அவை திகதிகள். திவசம் செய்கின்ற வீடுகளில் திதி தெரியும். திதியும் வருடமும் இருந்தால் அவ்வருடத்துப் பஞ்சாங்கத்தில் திகதியைப் பார்த்து விடலாம்.

இரண்டாவது, சொந்த ஊரை அல்ல, இறந்த இடத்தைக் கேளுங்கள். இலங்கையில் மரணம் எந்தப் பிரிவில் நிகழ்ந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடமே பதிவு இருக்கும். புங்குடுதீவுக்காரர் கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் தீவில் தேடிப் பயனில்லை.

மூன்றாவது, ஆங்கிலப் பதிவுகளில் எமது பெயர்கள் பல வேடம் போடும். சின்னத்துரை "எஸ்" எழுத்திலும் இருப்பார், "சி" எழுத்திலும் இருப்பார். ஞானம்மாவை "ஜி"யிலும் தேட வேண்டும், "என்"னிலும் தேட வேண்டும். சில இடங்களில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிந்திருக்கும். ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

நான்காவது, ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்ததைத் தட்டுங்கள். போரில் பல அலுவலகங்களின் பதிவேடுகள் அழிந்து போயின. ஆனால் கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குக் கோயிலில் மரணப் பதிவேடு இருக்கும். சேமக்காலையில் சிலுவை விழுந்து போனாலும் புத்தகத்தில் பெயர் நிற்கக்கூடும். பழைய பத்திரிகைகளில் மரண அறிவித்தல் இருக்கும். முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சடித்திருந்தால் அதில் பிறந்த ஊர் முதல் மருமக்கள் பெயர் வரை எல்லாம் இருக்கும். பெட்டிக்குள் கிடக்கும் நினைவு மலர்களைத் தயவுசெய்து எறிந்து விடாதீர்கள்.

எந்தக் கதவைத் தட்டியும் ஒன்றும் கிடைக்காதவர்கள் எம்மில் எத்தனையோ பேர். புதைத்த இடமும் தெரியாது, புதைத்தார்களா என்பதும் தெரியாது. அவர்களுக்கு நாம் ஆறுதல் சொல்லப் புறப்படவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். புளோரிடாவில் 75 ஆண்டுகள் கழித்தும் கணக்கைத் திருத்தினார்கள் என்றால், யாரோ பெயர்களையும் எண்ணிக்கைகளையும் எழுதி வைத்திருந்தார்கள், யாரோ விடாமல் கேட்டுக் கொண்டிருந்தார்கள் என்பதே அதன் பொருள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடம், கண்ட நாள், கண்டவர் பெயர் ஆகிய ஆறையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். கண்டவர்கள் இருக்கும் போதே எழுத வேண்டும்.

இங்கே நாம் செய்ய வேண்டியது

எமது பெரியவர்கள் இப்போது இந்த மண்ணில்தான் கண்மூடுகிறார்கள். இன்னும் அறுபது வருடத்தில் எமது பேரப்பிள்ளைகள் இங்கே ஒரு மயான அலுவலகத்தில் போய் நின்று கேட்கப் போகிறார்கள். ஒன்ராறியோவில் மயானங்கள் பொதுமக்கள் பார்க்கக் கூடிய பதிவேடு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் உண்டு. ஆகவே புத்தகம் இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கும் என்பது எமது கையில்.

சைவர்கள் "நாங்கள் எரிப்பவர்கள், எங்களுக்கு ஏன் இது?" என்று நினைக்கலாம். அவர்களுக்குத்தான் இது கூடுதலாக வேண்டியது. கல்லறை இல்லை. சாம்பலை ஆற்றிலோ ஏரியிலோ கரைத்து விடுகிறோம். அதன் பின்னர் எரித்த இடத்துப் புத்தகத்தில் உள்ள ஒரு வரியும் மரண அத்தாட்சிப் பத்திரமும்தான் மிஞ்சும். அந்த ஒரு வரி சரியாக இருக்க வேண்டாமா?

சாவீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. படிவத்தை நீட்டினால் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அவசரத்தில் பாதிப் பெயரை எழுதி விடும். ஆகவே முன்னதாகவே ஒரு தாளில் பெரியவரின் முழுப்பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களின்படி எழுதுங்கள். தகப்பன் பெயர், தாயின் கன்னிப் பெயர், பிறந்த ஊர், பிறந்த திகதி ஆகியவற்றையும் எழுதிக் கடவுச்சீட்டுடன் வையுங்கள். பிறந்த இடம் என்ற கோட்டில் "இலங்கை" என்று மட்டும் எழுதி நிறுத்தி விடாமல், உடுவில், மூதூர், பேசாலை என்று ஊரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பேரப்பிள்ளை ஊருக்கு வழி தேடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் வீட்டிலுள்ள பெரியவர் பக்கத்தில் ஒரு கொப்பியுடன் உட்காருங்கள். அவருடைய தாய் தகப்பனின் பெயர்கள், இறந்த நாட்கள், எரித்த அல்லது புதைத்த இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் பிள்ளைகள் பிறகு எழுதிக்கொள்ளலாம்.